நூற்றைம்பது டிகிரி

லவ்டே வேலைக்குப் போன பிறகு
எஞ்சின் கூட்டை ஓவனில் வைத்தேன்,
ஞாயிறுதோறும் அவளுடைய குங்குமப்பூ பன் வேகும்
அதே நடுத்தட்டில்.
பேரிங் முந்தின இரவே ஃப்ரீசருக்குள்,
பட்டாணிப் பொட்டலத்தை ஒட்டி.
ஒன்று சூட்டில் விரிய வேண்டும்
ஒன்று குளிரில் ஒடுங்க வேண்டும்
சுத்தியல் கூடாது.
இரட்டைக் கையுறையோடு எடுத்து, நேர்பார்த்து, விட்டேன்.
டொக்.
எட்டு மாதத்தில் இந்த வண்டி
எனக்குச் சொன்ன முதல் சம்மதம்.

அதுவரை முரண்டுதான்.
ரெட்ரூத் ஏலத்தில்
மூன்று பழப்பெட்டியும் ஒரு ஃபிரேமுமாய் வாங்கினேன்.
"மேட்ச்லெஸ், நாற்பத்திரண்டு, ஏறக்குறைய முழுசு."
அந்த ஏறக்குறையவுக்குள்
ஒரு கார்புரேட்டரும் பின் மட்கார்டும்
பதினேழு போல்ட்டும் காணாமல் போயிருந்தன.
என்னிடமிருந்த ஸ்பேனர்களோ மில்லிமீட்டர் ஜாதி.
பதின்மூன்று வழுக்கும், பன்னிரண்டு நுழையாது.
நாள் முழுக்கத் தபால் பையோடு
கேம்போர்ன் மழையில் நடந்துவிட்டு
மாலையில் ஒரு நட்டின் முன் மண்டியிடுவேன்.

கியர்பாக்ஸைத் திறந்தபோது
தண்டுக்கும் மூடிக்கும் நடுவே
சிகரெட் டின்னில் வெட்டிய ஒரு வளையம்.
தங்கக் கோடு பாதி, ஏதோ எழுத்தின் வால் பாதி.
யாரோ, கடையில்லாத எங்கோ,
நகம்வெட்டும் கத்தரியால் போலிருக்கிறது,
அத்தனை வட்டமாக.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தேன்.
மூன்று பவுனுக்கு நான் வாங்கிய புதியதும்
அதுவும் ஒரே தடிமன்.
டின்னையே திரும்ப வைத்தேன்.
புதியது மேசை டிராயரில்
உறை பிரியாமல் கிடக்கிறது.

பிறகு டேங்க்.
சுரண்டச் சுரண்ட
சிவப்பு, அதனடியில் கறுப்பு,
அதனடியில் தூரிகை மயிர் ஒட்டிய நீலம்,
எல்லாவற்றுக்கும் அடியில் பட்டாளப் பச்சை.
பழையபடி ஆக்குவது என்றால்
எந்தப் பழையபடி?
பச்சைக்குத்தான் பணம் கட்டியிருந்தேன்.
கோப்பையோடு வந்து நின்றாள் லவ்டே.
"எந்தச் சண்டைக்குப் போகப்போற, டென்ஸில்?"
குனிந்து நீலத்தைத் தடவினாள்.
"இத அடிச்சவங்களுக்குக் கை பழக்கமில்ல.
ஆனா ஆசையா அடிச்சிருக்காங்க."

நீலமே அடித்தோம்.
எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் இல்லாத நீலம்.
கண்காட்சிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.
பிதுக்கட்டும்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பின்கட்டில், மழை விட்டிருந்தது.
உதைத்தேன்.
இருபது தடவை. சட்டையைக் கழற்றிவிட்டு இன்னும் பத்து.
ஒருமுறை லீவர் திருப்பி உதைத்ததில்
கணுக்கால் அவரைக்காயாய்ப் புடைத்தது.
வேலிக்கு அப்பால் திருமதி பென்ஹாலோ
துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு
நான் வண்டியின் தாயைப் பற்றிச் சொன்னதைக் கேட்டாள்.

லவ்டே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
கையேட்டை முழுக்கப் படித்திருக்கிறாள்;
நான் படம் மட்டும் பார்த்தவன்.
லீவரை மெல்ல அழுத்தி
பிஸ்டன் உச்சியில் முட்டும் இடத்தைத் தேடினாள்,
வால்வு நெம்பைப் பிடித்து ஒரு மயிரளவு தாண்டவிட்டு
நெம்பை விட்டாள்.
பிறகு, மாடிப்படியில் ஏறுகிறவள் போல,
ஏறினாள்.

முதலில் ஒரு இருமல்.
அப்புறம் நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு எண்ணம் போய்வர இடம்விட்டு,
டப்... டப்... டப்...
திருமதி பென்ஹாலோவின் ஜன்னல் கண்ணாடி
கூடவே நடுங்கிற்று.
அவள் உள்ளே போகவில்லை.

அந்த வாரத்து பன்னில் எண்ணெய் வாடை அடித்ததை
லவ்டே என்னிடம் கேட்கவே இல்லை.
ஓவனுக்குப் புதுத்தட்டு வந்திருந்தது.
பழையதன் முதுகில் சுண்ணக்கட்டியால் எழுதி
ஷெட் வாசலில் சாய்த்திருந்தாள்:
இது உன்னோடது.

எஞ்சினை நிறுத்தி, தட்டை அடியில் தள்ளினேன்.
இருவரும் குனிந்து காத்திருந்தோம்.
சொட்டு.
"எண்ணெய் இருக்கு" என்றாள்.